அட்டையில் அவர் பெயரைப் போடுங்கள்

அருங்காட்சியகச் சேகரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நியூயார்க் இத்தாலியக் குடும்பங்களுக்கான உங்கள் புதிய கூடத்தில் என் மாமியார் கொடுத்த லினன் விரிப்பைக் கண்ணாடிக்குள் அழகாக வைத்திருக்கிறீர்கள். நன்றி. ஆனால் அட்டையில் ‘சிசிலி, கைவேலை, தைத்தவர் பெயர் தெரியவில்லை’ என்று போட்டிருக்கிறீர்களே?

தைத்தவர் மாமியாரின் பாட்டி. நன்கொடைப் படிவத்திலேயே அவர் பெயர், ஊர் எல்லாம் இருக்கிறது. விரிப்பின் மூலையிலும் அவருடைய முதலெழுத்துகள் வெள்ளை நூலில் இருக்கின்றன. கல்யாணச் சீரான ‘கொரேதோ’வில் பெண்கள் அப்படிப் போடுவது நீங்கள் அறியாததா? கேட்டால், ‘ஆவணச் சான்று தேவை’ என்று பதில் வருகிறது.

அந்த வேலைக்கு ‘ஸ்ஃபிலாத்தோ’ என்று பெயர். துணியின் இழைகளை எண்ணி வெட்டி உருவிவிட்டு, மிஞ்சியதை ஊசியால் சுற்றிச் சுற்றி வலையாக்க வேண்டும். அந்தக் கை நியூயார்க்கில் என்ன செய்தது? அடுக்ககச் சமையலறையில், பீஸ் ரேட்டுக்கு, யாருடைய கால்சட்டைகளுக்கோ ஓரம் மடித்துத் தைத்தது. மூட்டையை அவரே தலையில் சுமந்துபோய்க் கொடுப்பார். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து பொத்தான் தைப்பார்கள். சீர் விரிப்பை மட்டும் அவர் கட்டிலில் விரித்ததே இல்லையாம். ரங்குப்பெட்டியிலிருந்து எடுத்து மகளுக்குக் காட்டிவிட்டு மடித்து வைத்துவிடுவார்.

அதே சுவரில் லூயிஸ் ஹைன் எடுத்த படம் தொங்குகிறது. குழந்தை உழைப்பைப் பதிவு செய்ய மாடி மாடியாக ஏறிய அந்த மனிதர், எத்தனையோ படங்களின் குறிப்பில் பெண்ணின் பெயர், தெரு, கூலி வரை எழுதிவைத்தார். 1911-இல் நியூயார்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் இறந்த 146 பேரில், அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்ட ஆறு பேரின் பெயர்களை ஓர் ஆய்வாளர் நூறு ஆண்டு கழித்துத் தேடிக் கண்டுபிடித்தார். உங்களுக்குத் தேடும் சிரமம்கூட இல்லை. படிவத்தைத் திறந்தால் போதும்.

பக்கத்துக் கண்ணாடியில் ஓர் ஆலிவ் எண்ணெய் டப்பா. கம்பெனி பெயர், இறக்குமதி செய்தவர் பெயர், ஆண்டு, ஒன்றும் விடவில்லை. டப்பாவிடம் யாரும் ஆவணச் சான்று கேட்கவில்லை போலும். நாற்காலிக்குத் தச்சர் பெயர் உண்டு. துணி என்று வந்தால் மட்டும் யாரோ ஒரு பெண். அதுவும் ‘ஓய்வுநேரக் கைவேலை’யாம். ஓய்வு எங்கே இருந்தது?

சரி, டப்பாவைப் பற்றிப் பேச நான் வரவில்லை. கேட்பது ஒன்றுதான்: அவர் பெயரை அட்டையில் போடுங்கள். புது அட்டை அச்சிடும் செலவை நாங்களே தருகிறோம். மாமியார் அடுத்த மாதம் கொள்ளுப்பேத்தியோடு கூடத்துக்கு வருகிறார். அதற்குள் மாற்றிவிடும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்த வீட்டுத் தமிழ் மருமகள்