பாட்டிலை அமுக்கிப் பார்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய படத்தை அக்கா காட்டினாள். இஞ்சி, எலுமிச்சை, ஈஸ்ட் போட்டு வீட்டிலேயே சோடா. நிறம் நன்றாக வந்திருக்கிறது. ஜன்னலில் உச்சி வெயில் தெரிந்தது. லீவாக இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

பாட்டில்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் இரண்டு தண்ணீர் பாட்டில். லேசான பிளாஸ்டிக், கேஸ் அழுத்தம் தாங்காது. கூல்டிரிங்ஸ் வந்த பாட்டிலை மட்டும் எடு. அடியில் ஐந்து கால் புடைத்து நிற்குமே, அது. கீறலோ மடிப்போ விழுந்திருந்தால் தூக்கிப் போடு. கொதிநீர் ஊற்றிக் கழுவாதே, சுருங்கிவிடும். கண்ணாடி வேண்டவே வேண்டாம். பெரியப்பா கையைப் பார்த்து வளர்ந்தவன் நீ. தாத்தாவின் கோலி சோடா மிஷினுக்கு இரும்புக் கூண்டு இருந்தும்தான் அன்று பாட்டில் வெடித்தது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கேஸ் விடும். மூடி போட்டாயிற்றே என்று நிறுத்தாது. மேலே இரண்டு விரல் இடம் விடு. காலையும் மாலையும் அமுக்கிப் பார். கடையில் வாங்கித் திறக்காத பாட்டிலைப் போல இறுகியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடு. குளிரில் ஈஸ்ட் அடங்கும், கேஸும் நன்றாகக் கரையும். இங்கே அடிக்கிற கத்திரி வெயிலுக்கு ஒரே நாள் போதும். பெங்களூரில் கூடுதலாக ஆகலாம். ரொம்ப நாள் விட்டால் சாராய வாடை வரும், அம்மா வேறு மாதிரி நினைப்பாள். திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெல்லத் திருகு. என்னைக் கேட்டால் அடுத்த முறை நன்னாரி போடலாம்.

தாத்தாவின் கைப்பக்குவம் பேரனுக்கு வந்திருக்கிறது என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அந்தப் பேரனுக்கு அக்காவுக்குப் படம் அனுப்பத் தெரிகிறது, அப்பாவுக்கு அனுப்பத் தெரியவில்லை. ஆபீஸ் போகிற காலத்தில் ஞாயிறு தவறாமல் பேசுவாய்.

சரி, இந்த மாதம் பணம் அனுப்பாதே. பென்ஷன் வந்துவிட்டது, பேங்கில் சும்மாதான் கிடக்கிறது. உன் கணக்குக்குக் கொஞ்சம் போட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே, பாட்டில் வாங்கிக்கொள். பண்ருட்டிப் பலா வந்துவிட்டது. நீ வருவதானால் வாங்கி வைப்பேன். இல்லையென்றால் இங்கே தின்ன ஆளில்லை.

அந்தத் தண்ணீர் பாட்டில் இரண்டையும் இன்றே எறி. எறிந்தேன் என்று ஒரு போன் பண்ணு. பகலில் பண்ணினாலும் சரி, நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா