கேழ்வரகுக்கு நெல்லின் கணக்கு சரிவராது

ஆசிரியருக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னும் விதைக்கப்படும் நாட்டு ராகி ரகங்களின் மரபணுவைப் படித்தே ஆக வேண்டும். ஆனால் இலையை அனுப்பித் தரவை வாங்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. நெல்லுக்குப் பழகிய கணினி வழிமுறையை அப்படியே ராகிக்கு ஓட்டினால், செடியில் இல்லாத வேறுபாடுகள் ஆயிரக்கணக்கில் முளைக்கும்.

நெல்லில் 24 குரோமோசோம்கள், சுமார் 40 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் (ஏ, சி, ஜி, டி). ராகியில் 36 குரோமோசோம்கள், ஏறத்தாழ 120 கோடி எழுத்துகள். அதிலும் இரு வேறு மூதாதைப் புற்களிடமிருந்து வந்த இரண்டு தொகுதிகள் உண்டு. ஒரே மரபணு இரண்டிலும் சிறு மாற்றத்தோடு இருக்கும். டி.என்.ஏ.வைப் படிக்கும் கருவி தருவதோ 150 எழுத்துத் துணுக்குகள். ஒரு தொகுதியின் துணுக்கு மற்றதில் போய் ஒட்டிக்கொண்டால், 20 துணுக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் 40 குவியும். பாதியில் 'சி', பாதியில் 'டி'. மென்பொருள் அதைக் கலப்பு என்று, அதாவது தாய்வழி ஓர் எழுத்தும் தந்தைவழி வேறோர் எழுத்தும் வந்த இடம் என்று எழுதிவிடும்.

இதைப் பிடிக்க ராகியின் இயல்பே உதவும். அது தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். அயல் சேர்க்கை சுமார் 1 சதவீதம்தான். அதனால் உண்மையான கலப்பு அரிது. எனவே 100 செடிகளில் 90 செடிகள் ஒரே இடத்தில் கலப்பாகத் தெரிந்தால் அந்த இடத்தையே நீக்கிவிடலாம். 2017-இல் பெங்களூரு விஞ்ஞானிகள் ராகியின் முழு டி.என்.ஏ.வுக்கான முதல் வரைவை வெளியிட்டனர். 2023-இல் குரோமோசோம் அளவிலான வரைவும் வந்துவிட்டது. இரண்டு தொகுதிகளும் உள்ள அந்த வரைவில்தான் துணுக்குகளைப் பொருத்த வேண்டும். பொருத்தத் தரம் (துணுக்கு சரியான இடத்தில்தான் ஒட்டியது என்பதற்கான மதிப்பெண்) 30-க்குக் குறைந்தவற்றையும், ஆழம் (ஓரிடத்தில் குவியும் துணுக்குகளின் எண்ணிக்கை) சராசரியைப்போல் இரு மடங்காகும் இடங்களையும் ஒதுக்க வேண்டும். இதற்கான மென்பொருள்கள் இலவசம், பொறுமைதான் செலவு.

ராகியைத் தாக்கும் பூஞ்சை நோயான குலைநோய்க்கு எதிர்ப்புத் தரும் மரபணுவைத் தேடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 5 லட்சம் இடங்களைச் சோதித்து, தற்செயலாகத் தேறும் வாய்ப்புக்கு 0.05 (நூற்றில் ஐந்து) என்ற வழக்கமான எல்லையை வைத்தால், எந்தத் தொடர்பும் இல்லாமலே 25,000 இடங்கள் தேறிவிடும். எல்லை ஒரு கோடியில் ஒன்று என்ற அளவுக்கு இறங்க வேண்டும். அஞ்செட்டி மலை ரகங்களும் பாலக்கோட்டுச் சமவெளி ரகங்களும் கலந்திருந்தால், உறவுமுறை அணியை (எந்தச் செடி எந்தச் செடிக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்ற அட்டவணையை) கணக்கில் சேர்க்காத முடிவு நோயைக் காட்டாது, ஊரைத்தான் காட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வயலில் நடக்கும் பிழை ஒன்று இருக்கிறது. நாட்டு ரகம் என்பது பல மரபு வழிகளைச் சேர்ந்த செடிகளின் கலவை. ஒரு செடியில் இலையைக் கிள்ளிவிட்டு, வேறு செடிகளின் கதிரைச் சேர்த்து உறையில் போட்டால் தரவும் விதையும் பொருந்தாது. பின்னால் எந்தக் கணினியாலும் இதைச் சரிசெய்ய முடியாது. இலை எடுத்த அதே செடியின் கதிருக்குப் பூக்கும் முன்பே காகிதப் பை கட்டி, அந்த விதையைத் தனியே வைக்க வேண்டும். உறையில் ஊர், உள்ளூர்ப் பெயர், விதைத்த தேதி எழுத வேண்டும். மூலத் தரவை ஃபரீதாபாத்தில் 2022 முதல் இயங்கும் இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேர்க்க வேண்டும். நம் மாவட்ட ரகங்களை எடுத்துச் செல்லும் ஆய்வுத் திட்டங்களுக்கு இவற்றை நிபந்தனையாகவே வைக்குமாறு வேளாண் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பயிர் மரபணுத் தரவுப் பகுப்பாய்வாளர்கள் சிலர்,
தருமபுரி.