நம் ஊருணிச் சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விளையாட்டு நன்றாக நடந்தது, தெருவிளக்கு மனுவில் பாதி நிறைவேறியது, படிப்பகத்துக்கு இரண்டு பீரோ வந்தது. மற்றபடி இந்த வருஷம் முழுக்க ஊருணிக் கரைத் திட்டத்தோடுதான் போனது, அறிக்கையும் அதைப் பற்றித்தான்.

சித்திரையில்தான் நமக்கு விஷயம் தெரிந்தது. ஊருணியைச் சுற்றிக் கான்கிரீட் சுவர், பேவர் பிளாக் நடைபாதை, செல்ஃபி எடுக்க ஒரு மேடை, வடகரையில் வாரச்சந்தை கூடும் திடலில் கடைத்தொகுதி. வரைபடத்தை வாங்கி விரித்துப் பார்த்தால் ஏதோ கடற்கரை ஊருக்குப் போட்ட படம் மாதிரி இருந்தது, மழைத்தண்ணீர் உள்ளே வர ஒரு வாய்கூட அதில் இல்லை. கடலுக்கு வரத்துக்கால் வேண்டாம், ஊருணிக்கு அதுதான் உயிர்.

எதிர்ப்பு மனுவோடு நிற்காமல் நாமே ஒரு திட்டம் போட்டுக் கொடுப்போம் என்று வைகாசிக் கூட்டத்தில் முடிவானது. சரி, கடற்கரை ஊர்களிலேயே மேலிருந்து திட்டம் வந்தபோது மக்கள் என்ன செய்தார்கள் என்று முதலில் பார்ப்போம் என்றார்கள் சிலர். நாமும் காவிரிப்பூம்பட்டினத்துக் கடலுக்குத் தப்பி வந்த வழி என்று சொல்லிக்கொள்கிற ஊர்தானே, எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது.

சென்னையில் இருக்கும் நம் உறுப்பினர்கள் இருவர் அங்கே மெரினாவை ஒட்டிய மீனவர் குப்பமான நொச்சிக்குப்பம் போய் வந்தார்கள். 2023 ஏப்ரலில் லூப் சாலையோர மீன் கடைகளை எடுக்கப் போனபோது மீனவர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள், 2024 ஆகஸ்டில் மாநகராட்சி கட்டிய மீன் அங்காடி 366 கடைகளோடு திறந்தது. போனவர்கள் கொண்டுவந்த கேள்வி நமக்கு உதவியது: மீன் வாங்க வருகிறவர் வண்டியை எங்கே நிறுத்துவார், கூடையோடு வருகிற அம்மா எங்கே உட்காருவார்? நம் சந்தைக்கும் இதே கேள்விதான், வரைபடத்தில் அதற்குப் பதில் இல்லை.

உறுப்பினர் ஒருவரின் மகள் லண்டனில் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை ரயிலேறி ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் போன் வழியாக ஒரு மணி நேரம் விவரம் சொன்னார். அங்கே கடலுக்குள் நீளும் உல்லாசப் பாலம் ஒன்று, 1872இல் திறந்தது. பாதுகாப்பில்லை என்று 2008இல் மூடினார்கள், 2010இல் தீப்பிடித்து மேல்தளம் பெரும்பாலும் எரிந்துபோனது. ஊர்க்காரர்கள் விடவில்லை. நகர மன்றம் அதைச் சட்டப்படி கையகப்படுத்தி 2013இல் மக்கள் நடத்திய அறக்கட்டளையிடம் கொடுத்தது, சுமார் மூவாயிரம் பேர் பங்கு வாங்கினார்கள், பெரும்பணம் அந்நாட்டுத் தேசிய லாட்டரியின் நிதியிலிருந்து வந்தது, 2016இல் பாலம் மறுபடி திறந்து மறு வருஷமே கட்டடக்கலைக்கான ஸ்டர்லிங் பரிசும் வாங்கியது. ஆனால் அதே 2017 நவம்பரில் நடத்தப் பணமில்லாமல் திவால் நிர்வாகிகள் கைக்குப் போய், 2018இல் தனியார் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். இதைக் கேட்டதும் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதே ஊரில் இன்னொரு கதையும் இருக்கிறது. ராக் ஹவுஸ் என்ற ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்தை 2014இல் சில சமூக அமைப்புகள் சேர்ந்து வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வீடாகவும் வேலையிடமாகவும் வாடகைக்கு விட்டன. அப்புறம் 2019இல் பக்கத்தில் பல வருஷம் பாழாய்க் கிடந்த பழைய பத்திரிகைக் கட்டடத்தையும் வாங்கினார்கள். உள்ளூர்க்காரர் கட்டக்கூடிய வாடகை, அந்த வாடகையில் பராமரிப்பு. பாலத்துக்குக் கிடைக்காத வருமானம் இதற்குக் கிடைத்தது.

அதனால் நம் திட்டத்தில் படம் வரைவதற்கு முன்னால் கணக்குப் போட்டோம். வரத்துக்கால் தூர்வார, கருவேலம் வெட்ட, படித்துறைக் கல் பெயர்ந்தால் திருப்பி வைக்க வருஷத்துக்கு என்ன ஆகும்? மீன் ஏலம், கரைப் புளியமரக் குத்தகை, சந்தை வசூல் மூன்றிலும் ஒரு பங்கு ஊருணிக்கென்றே தனிக் கணக்கில் நிற்க வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை. நடைபாதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, மண் கரையிலேயே போடலாம். கடைத்தொகுதிக்குப் பதில் திடலில் நிழல் கூரையும் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் போதும் என்று வியாபாரிகளே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்த ஒரு மாலை வரத்துக்காலை மேலிருந்து நடந்து பார்த்தோம். சாலைக்கு மேல் சாலை போட்டு உயர்த்தியதில் கால்வாய் வாய் ஒரு முழம் கீழே கிடந்தது, மணலும் சாக்கும் அடைத்து, பெயர்ந்த செம்புறாங்கல் ஒன்று குறுக்கே கிடந்தது. இரண்டு பேர் இறங்கிக் கடப்பாரையால் நெம்பினார்கள். கல் புரண்டதும் செந்தண்ணீர் சலசலவென்று இறங்கி அரை மணியில் அடிப்படியைத் தொட்டது. படித்துறையில் குடையோடு நின்ற ஆச்சி ஒருவர் படியை எண்ணிக் காட்டினார். "ஏழாம் படி நனைஞ்சாப் பங்குனி வரைக்கும் கவலையில்லம்பாக எங்க அப்பச்சி. இந்தச் சுவரைக் கட்டிட்டா எந்தப் படிய எண்ணுறது?" என்றார். அந்த ஏழாம் படியை நம் வரைபடத்தில் நீர்மட்டக் குறியாகப் போட்டிருக்கிறோம்.

கார்த்திகையில் வார்டு மக்கள் கூடிய பகுதி சபையில் திட்டத்தை வைத்தோம். கேள்வி நிறைய வந்தது, குரலும் உயர்ந்தது, ஆனாலும் நம் வரைபடம் பதிவேட்டில் ஏறியது. கான்கிரீட் சுவர் இப்போதைக்கு நிறுத்தம். வரத்துக்காலை நாமே தூர்வார வாய்மொழி அனுமதி கிடைத்தது, அதை எழுத்தில் கேட்டு இரண்டு முறை கடிதம் கொடுத்திருக்கிறேன். கடைத்தொகுதி பற்றி முடிவு சொல்லவில்லை. தனிக் கணக்குக் கோரிக்கைக்குப் பதிலே இல்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம், அடுத்த வருஷச் செயலாளர் யாராக இருந்தாலும் அதை விடக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியாக வாசிப்பார். தூர்வாரும் வேலை வைகாசி முதல் ஞாயிறு தொடங்குகிறது. காலை ஆறு மணிக்குச் சந்தைத் திடலுக்கு வந்துவிடுங்கள், மண்வெட்டி, கடப்பாரை இருப்பவர்கள் கையோடு கொண்டுவாருங்கள், காலைப் பலகாரம் தென்கரைத் தெருக்காரர்கள் பொறுப்பு.