மெல்பேர்ண் நண்பருக்கு: மாயக்காளான் மருந்தும் எங்கள் கிளினிக்கும்

மாங்குளம்.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடி ஒப்பேறியதை அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உமது கடைசிப் பக்கத்துக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 2023 யூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள், பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனவடு நோய்க்கு, எக்ஸ்டசி என்று போதைக்கும் விற்கப்படும் எம்.டி.எம்.ஏ.யையும், வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்குக் காளானிலுள்ள சைலோசைபினையும் எழுதிக்கொடுக்கலாம் என்றாகிவிட்ட பிறகு, போரில் இவ்வளவு பட்ட வன்னிச் சனத்துக்கு அது ஏன் வரக்கூடாது என்று கேட்டிருந்தீர்.

குடியை முதலில் எடுக்கிறேன். எங்கள் கிளினிக்குக்குக் கூட்டிவரப்படும் ஆண்களில் பலரை இங்கே கொண்டுவந்து விடுவது கசிப்பு என்ற கள்ளச்சாராயந்தான். குடிநோய்க்கு இத்தகைய மருந்து கொடுப்பது புதிய எண்ணமல்ல. கனடாவின் சஸ்காச்சுவானில் ஹம்ப்ரி ஒஸ்மண்டும் அவருடைய சகாக்களும் 1950களிலேயே குடிநோயாளருக்கு மாயக்காட்சி தரும் எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2022இல் வெளிவந்த ஆய்வொன்றில், பேச்சுச் சிகிச்சையோடு இரண்டு தடவை சைலோசைபின் பெற்றவர்கள் அடுத்த எட்டு மாதங்களில் மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் நூற்றுக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு. ஒப்பீட்டு மருந்து பெற்றவர்களுக்கு அது ஏறக்குறைய 24. சிறிய வித்தியாசம் என்று ஒதுக்க முடியாது.

ஆனாலும் என்னை யோசிக்க வைத்தது எம்.டி.எம்.ஏ. பற்றி 2021இல் வந்த ஆய்வுதான். மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 67 பேர் மனவடு நோய் என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்தார்கள். வெறும் மாத்திரையோடு அதே பேச்சுச் சிகிச்சையைப் பெற்றவர்களிலோ 32 பேர். எல்லோரும் அந்த 67ஐப் பார்க்கிறார்கள்; நான் 32ஐப் பார்க்கிறேன். மருந்தே இல்லாமல், பயிற்சி பெற்ற இருவர் பொறுமையாகக் கூட இருந்து பேசியதால் மூன்றில் ஒருவர் தேறியிருக்கிறார். அதற்கு அவர்கள் செலவழித்த நேரத்தையும் பாரும்: எட்டு மணித்தியாலம் வீதம் மூன்று நாட்கள், அவற்றுக்கு முன்னும் பின்னுமாக ஒன்றரை மணித்தியாலச் சந்திப்புகள் பன்னிரண்டு. ஒருவருக்கே 42 மணித்தியாலம்!

எங்கள் கிளினிக்கில் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு கதிரைகள் போட்டிருக்கிறோம். திரைச்சீலைக்கு அப்பால் வாங்கில் இருப்பவருக்கு இப்பால் பேசுவது ஒன்றும் தப்பாது. ஆகவே, பதுங்குகுழிக்குள் பிள்ளையை இழந்த தகப்பன் ஒருவர் நித்திரை வருவதில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டு, மருந்துத் துண்டை வாங்கி மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தபடி எழுந்து போகிறார். மாலையில் அவர் எங்கே போவார் என்பது எனக்கும் தெரியும், அவருடைய மனைவிக்கும் தெரியும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாரும். இந்த எம்.டி.எம்.ஏ. சிகிச்சை, நடந்து முடிந்த ஒன்றை நோயாளி அச்சமின்றித் திரும்பிப் பார்க்க உதவுவது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரப் போராட்டத்தைத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு எது முடிந்திருக்கிறது? பதில் கிடைக்காத கேள்வியோடு இருப்பவரின் துயரத்தை நோயென்று பெயரிட்டுக் குளிசை கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலும், மருந்தின் பிடியில் மனம் திறந்து கிடக்கும் வேளையில் சிகிச்சையாளர் எல்லை மீறி நடந்துகொண்ட முறைப்பாடு வெளிநாட்டிலேயே எழுந்திருக்கிறது. இங்கே, தனித்து வாழும் பெண்ணொருத்தி யாரிடம் போய் முறையிடுவாள்? அமெரிக்க மருந்து ஒழுங்குபடுத்தும் நிறுவனம் 2024 ஓகஸ்டில் எம்.டி.எம்.ஏ.க்கு அனுமதி மறுத்து மேலும் ஓர் ஆய்வு கேட்டபோது உமக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்; எனக்கு அது சரியாகவே பட்டது. எந்த மாத்திரை தமக்குக் கிடைத்ததென்று நோயாளரே ஊகித்துவிடக்கூடிய ஆய்வை எந்த அளவுக்கு நம்புவது?

ஐஸ் என்ற மெதம்பெற்றமின் போதைப்பொருள் பற்றியும் நீர் அறிந்திருப்பீர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை வந்துவிட்டது. எம்.டி.எம்.ஏ.யும் அதே அம்பெற்றமின் குடும்பந்தான் என்பதால், "வெளிநாட்டில் டொக்டரே கொடுக்கிறார்" என்ற அரைச்செய்தி மட்டும் இங்கே வந்து சேர்ந்தால் அதைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே இருதயத்தைச் சோதித்து, குடும்பத்தில் மனப்பிறழ்வு உண்டா என்று விசாரித்து, பலரைத் திருப்பி அனுப்பிய பிறகே கொடுக்கிறார்கள் என்பது அந்தச் செய்தியோடு வராது.

எங்களுக்கு எட்டக்கூடியது ஒன்று உண்டென்றால் அது கெற்றமின். சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்கமருந்தாக எல்லோருக்கும் பழக்கமானது. அதன் உறவான எஸ்கெற்றமினை அமெரிக்கா 2019இல் மனச்சோர்வுக்கு அனுமதித்தது. ஆனால் பலன் சீக்கிரம் தேய்வதால் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும், அதற்கே அடிமையாவோரும் உண்டு. மனநல மருத்துவர் ஒருவர் பக்கத்தில் நிரந்தரமாக இல்லாமல் அதைத் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற பின் சில மாதங்கள் வந்து நிற்கப்போவதாக எழுதியிருந்தீர். மருந்தை விட்டுவிடும், கூட இருப்பவர்களுக்கு அங்கே என்ன பயிற்சி கொடுக்கிறார்கள், எதைப் பேசாதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாரும். உம்மைப்போல் மனநலத் தாதியாக இத்தனை வருடம் வேலை செய்தவர் சொன்னால் எங்கள் உளவளத்துணைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்பார்கள். கதவு பூட்டக்கூடிய அறை ஒன்றுக்கு நான் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறேன். காலபோக (மாரிகால நெல்) அறுவடை முடிந்த பிறகு வருவதே நல்லது. மழைக்குள் வந்தால் உள்ளூர்ப் பாதைகளால் சனம் கிளினிக்குக்கு வராது.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்