முதலில் தோற்றுவிட்டு வரச் சொல்பவர்களுக்கு

மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களில் மருந்துக்கு அனுமதி தரும் குழுவினருக்கு,

வணக்கம்.

குடலில் அழற்சி ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் குரோன் நோய் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்த அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஊசி மருந்துக்கு அனுமதி கேட்ட என் கோப்பே உங்களிடம்தான் இருக்கிறது. போன வாரம் அதை இரண்டாவது முறையாகத் திருப்பி அனுப்பினீர்கள். "வழக்கமான மருந்துகள் பலனளிக்கவில்லை என்று உறுதியான பின் விண்ணப்பிக்கவும்" என்று ஒரு வரி. இன்னும் கொஞ்சம் மோசமாகிவிட்டு வா என்று நான் புரிந்துகொண்டேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

அந்த "வழக்கமான மருந்து" ஸ்டீராய்டு. முகம் உப்புகிறது, தூக்கம் போகிறது. அளவைக் குறைத்ததும் நோய் திரும்பி வந்துவிடுகிறது. போன மாதம் அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து ஓடினேன். கழிப்பறைக்குள் யாரோ இருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே குழாய் மூடும் சத்தம் கேட்காதா என்று நின்றேன். கேட்கவில்லை. மாற்றுத்துணி வைத்திருந்த பை கூட்ட அறையில், என் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து வரும்படி ஒரு சக ஊழியரைக் கேட்க வேண்டியிருந்தது. உங்கள் படிவத்தில் இதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

2024-இல் பிரிட்டனிலிருந்து வெளியான 'புரொஃபைல்' ஆய்வை உங்கள் மருத்துவ ஆலோசகர்கள் படித்திருப்பார்கள். புதிதாகக் குரோன் உறுதியான 386 பேரில் ஒரு பாதிக்கு எடுத்த எடுப்பிலேயே இன்ஃப்ளிக்ஸிமாபும் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் இன்னொரு மருந்தும் கொடுத்தார்கள். மறுபாதிக்குப் படிப்படியாக, ஏறக்குறைய நீங்கள் சொல்கிற வழியில். 48 வாரம் கழித்துப் பார்த்தால், ஸ்டீராய்டோ அறுவையோ இல்லாமல் நோய் அடங்கியே இருந்தவர்கள் முதல் பிரிவில் 79 சதவீதம், இரண்டாவதில் 15. வயிற்றில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் முதலில் ஒருவர், இரண்டாவதில் பத்துப் பேர். வீரியமான மருந்தால் கடுமையான தொற்று கூடிவிடுமே என்பீர்கள். கூடவில்லை.

காரணம் ஒன்றும் ரகசியமல்ல. அழற்சியை மருந்தால் அடக்கலாம். அது ஆறாமல் கிடந்து தழும்பாகிக் குடலைச் சுருக்கிவிட்டால், அந்தத் தழும்பைக் கரைக்க மாத்திரை கிடையாது, பல நேரம் கத்திதான். நீங்கள் காத்திருக்கச் சொல்லும் மாதங்களில் நடப்பது இதுதான். ஆகவே மீண்டும் கேட்கிறேன்: புதிதாக நோய் உறுதியானவர்களுக்கு "முதலில் தோற்றுக் காட்டு" என்கிற விதியை எடுத்துவிடுங்கள்.

இன்ஃப்ளிக்ஸிமாப் ஒன்றும் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் குரோனுக்கு 1998-லேயே அனுமதி கிடைத்த மருந்து. உங்களுக்கு மட்டும் இன்னும் சோதனையில் இருப்பதுபோலத் தெரிகிறது. இன்னொரு வேடிக்கை, நீங்கள் மாதாமாதம் அனுப்பும் நலவாழ்வுக் கையேடு. "குடல் மகிழ்ந்தால் மனம் மகிழும்" என்று தலைப்புப் போட்டு, நல்ல நுண்ணுயிரிகள் கலந்த புரோபயாட்டிக் பொடிக்குத் தள்ளுபடிச் சீட்டு. குரோனுக்கு இவற்றை ஆய்வுகளுக்கு வெளியே பரிந்துரைக்கப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2020-இலேயே சொல்லிவிட்டது. பொடிக்குச் சீட்டு, மருந்துக்கு மறுப்பு. சரி, கோபத்தில் எங்கேயோ போகிறேன்.

தயவுசெய்து இரண்டு காரியம் செய்யுங்கள். அந்த விதியை நீக்குங்கள். அதற்குக் காலம் பிடிக்குமென்றால், அதுவரை இத்தகைய கோப்புகளைக் குடல்நோய் மருத்துவர் ஒருவர் பார்த்து, சில நாட்களுக்குள் பதில் சொல்லட்டும். புரொஃபைல் ஆய்வில் நோய் உறுதியானதிலிருந்து சேர்க்கப்படும் வரை பாதிப் பேருக்கு 12 நாளுக்கு மேல் ஆகவில்லை. எனக்கு ஏழு மாதம் ஓடிவிட்டது.

மூன்றாவது விண்ணப்பத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்த கொலோனோஸ்கோபி அறிக்கையின் நான்காம் பக்கத்தை மட்டுமாவது பாருங்கள். குடல் சுருங்கத் தொடங்கிய இடத்தை மருத்துவர் வட்டமிட்டிருக்கிறார்.

பணிவுடன்,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்