பினாங்குத் தம்பிக்கும், அந்த இரவு விழித்திருந்த எல்லாருக்கும்

வணக்கம்.

சனிக்கிழமை இரவு என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். நேரலையில் இருந்திருப்பீர்கள், இல்லாவிட்டால் மறுநாள் யாராவது சொல்லியிருப்பார்கள். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நம் இணையவழி ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 சண்டை விளையாட்டுப் போட்டியின் இறுதி நாளில், மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்து, இலங்கை மலையகத்து மஸ்கெலியாவிலிருந்து பினாங்குத் தம்பியோடு மோதிக்கொண்டிருந்த நம்ம தம்பிக்குக் கரண்ட் போய்விட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி மறுபடி எழுதப் போவதில்லை. இன்று செவ்வாய்க்கிழமை. எனக்கு இன்னும் தூக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. ஆனால் போட்டி முடிந்தது. ஐந்து நாடுகளிலிருந்து விளையாடிய 64 பேரில் ஒருவர்கூட மனக்குறையோடு போகவில்லை. அந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பினாங்குத் தம்பிக்கு. உங்கள் பெயரையும் விளையாட்டுப் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள், போடவில்லை. நீங்கள் செய்ததை எழுதாமல் இருக்க மட்டும் என்னால் முடியாது.

லூசர்ஸ் ஃபைனல், அதாவது ஏற்கெனவே ஒரு முறை தோற்றவர்களுக்கான கடைசிச் சுற்று. மூன்று ஆட்டம் ஜெயிப்பவர் அடுத்த கட்டத்துக்குப் போவார். இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. ஐந்தாவது ஆட்டத்தில் ஆளுக்கொரு ரவுண்ட் எடுத்தாயிற்று, கடைசி ரவுண்டில் நம்ம மஸ்கெலியாத் தம்பி கொஞ்சம் முன்னால் இருந்தார். அந்த இடத்தில்தான் திரை உறைந்தது.

விதி தெளிவாக இருந்தது. ஆட்டத்தின் நடுவில் யாருடைய இணைப்பு அறுகிறதோ, அந்த ஆட்டம் எதிராளிக்கு. அந்த விதியை எழுதியது நான்தான். தோற்கப்போகிற ஒருவர் வயரைப் பிடுங்கிவிட்டு லைன் போய்விட்டது என்று சொன்னால் ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காகத்தான் அப்படி வைத்திருந்தேன். அது தப்பான விதி என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அன்று அதை அறிவிக்கத் தட்டச்சு செய்யும்போது என் விரல் நடுங்கியது. இங்கே ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்த மழை எனக்குத் தெரியும். மஸ்கெலியாப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயங்களில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

நான் எழுதி முடிப்பதற்குள் உங்களிடமிருந்து வந்தது: "அக்கா, வேணாம். அவர் வரட்டும். நான் இருக்கேன்."

அப்போது நமக்கு இரவு 9.40. உங்களுக்கு நள்ளிரவு தாண்டி 12.10. காலை ஆறு மணிக்கு உங்களுக்கு ஷிப்ட் என்று எனக்குத் தெரியாது, போட்டி முடிந்து அடுத்த நாள்தான் சொன்னீர்கள். தெரிந்திருந்தால் அவ்வளவு நேரம் காக்க வைத்திருக்க மாட்டேன். 55 நிமிடம் காத்திருந்தீர்கள். அதற்குள் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அவர் வீட்டுல எல்லாரும் பத்திரமா?" பிராக்கெட் (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை) எப்போது நகரும், பரிசுப் பணம் எப்படி என்றெல்லாம் கேட்கவேயில்லை.

ஒருவழியாகத் தம்பி, ஜெனரேட்டர் ஓடிய ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தேயிலை ஆலைக்குப் போய் அங்கிருந்து மறுபடி இணைந்தார். அப்புறம் நடந்ததை நான் எத்தனை தடவை திரும்பப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

விட்ட இடத்திலிருந்து தொடர ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் வழி கிடையாது. அறுந்தால் அறுந்ததுதான், புதிதாகத்தான் தொடங்க வேண்டும். நீங்கள் புதிதாகத் தொடங்கவும் சம்மதிக்கவில்லை. முதல் ரவுண்டில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நின்றீர்கள், தம்பி அடித்து அந்த ரவுண்டை எடுத்தார். இரண்டாவது ரவுண்டில் தம்பி நின்றார், நீங்கள் எடுத்தீர்கள். ஆளுக்கு ஒன்று, சரி. மூன்றாவது ரவுண்டில்தான் நுணுக்கம். நேரலையில் கடைசியாக உறைந்த படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் உயிர்க்கோடு அதே அளவுக்கு இறங்கும்வரை அடி வாங்கினீர்கள். தம்பி பயந்து பயந்து சின்னக் குத்தாகக் குத்தினார். "இன்னும் ஒண்ணு. இன்னும் ஒண்ணு. போதும்." பிறகு தம்பியின் கோட்டையும் அதே மாதிரி இறக்கினீர்கள். அடி வாங்கினாலும் சூப்பர் கேஜ், அதாவது பெரிய அடிக்கான மூன்று கட்டச் சக்தி அளவு, ஏறும் அல்லவா, உங்களுடையது மூன்றும் நிரம்பி நின்றது. ஆனால் இணைப்பு அறுந்தபோது உங்களிடம் இருந்தது ஒன்றுதான். அது அதிகமாக இருந்ததை நான் கவனிக்கவில்லை, வர்ணனை செய்தவர்களும் கவனிக்கவில்லை. நீங்கள் தூரமாகப் பின்வாங்கி நின்று, யார் மேலும் படாமல், இரண்டு கேஜையும் வெறும் காற்றில் கொட்டித் தீர்த்தீர்கள்.

கடிகாரம் 99-இலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து, இரண்டு முறை குனிந்து எழுந்தீர்கள். தயார் என்று அர்த்தம். வர்ணனையில் யாரும் பேசவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மைக்கை அணைத்துவிட்டேன்.

அந்த ரவுண்டை நீங்கள் ஜெயித்தீர்கள். தம்பி டிரைவ் இம்பாக்ட் என்ற பலமான அடியை விட்டார், நீங்கள் பார்த்துவிட்டு அதே அடியைத் திருப்பி விட்டீர்கள். அந்த அடி கிளம்பி வந்து சேர 26 ஃபிரேம், வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது, அதாவது அரை வினாடிக்கும் குறைவு. நடுராத்திரி ஒரு மணிக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து கை விறைத்த பிறகு அதைப் பார்த்து அடித்தீர்கள்.

யோசித்தால், முடிவு ஒன்றுதான். விதிப்படி போயிருந்தாலும் தம்பி வெளியேறியிருப்பார், நீங்கள் மேலே போயிருப்பீர்கள். ஆனால் விதிப்படி போயிருந்தால் தம்பி கரண்ட்டிடம் தோற்றிருப்பார், தோட்டத்தில் பிறந்ததால் தோற்றேன் என்றுகூட நினைத்திருப்பார். இப்போது அவர் உங்களிடம் தோற்றார். ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்தேன், குரல் தெளிவாக இருந்தது. "அக்கா, அந்த டிரைவ் இம்பாக்ட்ட நான் விட்டிருக்கக் கூடாது" என்றார். வேறு குறையே இல்லை அவருக்கு.

இந்த விளையாட்டு நம் மலைக்கு எட்டியதே ரோல்பேக் என்ற நுட்பத்தால்தான் என்று நான் எப்போதும் சொல்வேன். டோனி கேனன் என்பவர் ஜிஜிபிஓ என்ற மென்பொருளாகச் செய்து காட்டியது. எதிராளியின் பொத்தான் வந்து சேரும்வரை காத்திராமல், இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டும், ஊகம் தப்பினால் சில ஃபிரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். அது இல்லாத ஆட்டங்களில் தூர ஊர்க்காரரோடு மோதுவது சேற்றில் நடக்கிற மாதிரி. ஆனால் அந்த நுட்பம் திரும்பிப் போவது சில ஃபிரேம்கள்தான். சனிக்கிழமை நீங்கள் இருவரும் 55 நிமிடம் பின்னால் போனீர்கள், கையாலேயே.

உங்கள் பாட்டி கெடாப் பக்கம் பால்மரம் வெட்டியவர் என்றும், தோட்டத்தில் விளக்கு போனால் எப்படி இருக்கும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். என் பாட்டி டிக்கோயாவில் கொழுந்து பறித்தவர். அங்கே பால்மரத்துக்கும் இங்கே தேயிலைக்கும் ஆள் கூட்டி வந்தது அதே கங்காணி முறைதான். ஒரே ஊரில் கப்பல் ஏறக் காத்திருந்தவர்களோ என்னவோ நம் முன்னோர். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த எண்ணம் என்னை விடவில்லை.

மற்றவர்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதற்கு மன்னியுங்கள், தனித்தனியாகச் சொன்னால் விடியும். அந்த மழையில் கம்பத்தில் ஏறிய மின்சார சபை ஊழியர்களுக்கு நன்றி. ஜெனரேட்டர் ஓடிய ஸ்டோரில் தம்பிக்கு இடம் கொடுத்த, தேயிலை தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கர் ஐயாவுக்கும், இரவு ஷிப்டில் இருந்த தம்பியின் அப்பாவுக்கும் நன்றி. கொழுந்து வாட்டுகிற மாடியில் காற்று நிற்கக் கூடாது என்பதற்காக ஓடிய ஜெனரேட்டர் அது, அதிலிருந்து ஒரு பிளக் கொடுத்தார்கள். கொழுந்து நிறுக்கிற மேசையில் வைத்துத்தான் அந்த மூன்று ரவுண்டும் நடந்தன. தான் இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்து லேப்டாப்பைச் சுற்றிக் கொடுத்த அம்மாவுக்கு நன்றி. பிராக்கெட்டைக் கடைசிவரை கலங்காமல் பார்த்துக்கொண்ட சென்னை நண்பர்கள், 55 நிமிடமும் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பேசிப் பார்வையாளர்களைப் பிடித்து வைத்த டொராண்டோ வர்ணனையாளர்கள், போட்டி தள்ளிப்போனாலும் முகம் கோணாத சிங்கப்பூர், துபாய் விளையாட்டாளர்கள், எல்லாருக்கும் நன்றி. நள்ளிரவில் ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போன என் அம்மாவுக்கும்.

அடுத்த போட்டிக்கு விதியை மாற்றி எழுதிவிட்டேன். இணைப்பு அறுந்தால் முதலில் ஆள் பத்திரமா என்று கேட்போம். பிறகு ஒரு மணி நேரம் காத்திருப்போம். பிறகு எதிராளி சம்மதித்தால், கோடும் கேஜும் ரவுண்டும் இருந்த இடத்துக்கே கொண்டுவருவோம். சம்மதிக்காவிட்டால் பழைய விதி, அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டோம். இறுதி நாளை இரவில் வைக்கப் போவதுமில்லை, பகலிலேயே முடிப்போம். தோட்டத்துப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து விளையாட, பேட்டரியோடு ஓர் அறை ஹட்டனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லாகூரிலிருந்து கிளம்பி, ஈவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டிகளில் டெக்கன் 7 ஆடி, 2019-இல் ஈவோ ஜப்பானையும் லாஸ் வேகாஸ் ஈவோவையும் ஒரே ஆண்டில் ஜெயித்த அர்ஸ்லான் ஆஷைப் பற்றி அவர்களிடம் அடிக்கடி சொல்வேன். இனி உங்களைப் பற்றியும் சொல்வேன்.

தம்பி, பரிசுப் பணத்தில் பாதியை மஸ்கெலியாவுக்கு அனுப்பச் சொன்னீர்கள். அவர் வாங்க மாட்டேன் என்கிறார், நீங்களே பேசிக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஸ்டோர் மாடியில் வாடிக்கொண்டிருந்த அதே கொழுந்தில் செய்த தூள் ஒரு கிலோவை டீமேக்கர் ஐயா உங்களுக்காக எடுத்து வைத்திருந்தார். நேற்று தபால் கந்தோரில் பார்சல் போட்டுவிட்டேன். பால் ஊற்றாமல் முதலில் ஒரு தடவை வெறுமனே குடித்துப் பாருங்கள். வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஹட்டன் அக்கா