தாத்தாவின் துரட்டிக்கு ஒரு நன்றி மடல்

ஆந்திரத்து நாகலாபுரம் மலையடிவாரத்து ஊர்க்காரர்களுக்கும், அந்த இரவு சென்னையில் கண் மூடாமல் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் வணக்கம்.

பதினோரு பேரும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம். கணுக்கால் முறிந்தவருக்கு மாவுக்கட்டு போட்டாயிற்று, வலி குறைந்திருக்கிறது. அருவிக்குப் போன இடத்தில் ஓடையில் திடீரென வெள்ளம் வந்து, திரும்பும் வழி அடைபட்டு, இரவு முழுவதும் கரையிலேயே சிக்கிக்கொண்டோம். மற்றது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதக் கை வரவில்லை. நன்றியை மட்டும் எழுதுகிறோம்.

முதலில் எதிர்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தாவுக்கு. தமிழிலும் தெலுங்கிலும் அந்த உறவுக்கு ஒரே சொல்தான் என்பதால் கூப்பிடுவதில் சிக்கல் இருக்கவில்லை. ஆனால் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. வெள்ளம் பாய்ந்து வரும் ஓடையின் இரைச்சலில் இருபது அடிக்கு அப்பால் எந்தக் குரலும் போகாது. 'ஆகண்டி, ஆகண்டி' என்று அவர் வாய் அசைவதைப் பார்த்துத்தான் 'நில்லுங்கள்' என்கிறார் எனப் புரிந்தது. எங்களில் மூன்று பேர் அதற்குள் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு இறங்கத் தயாராக நின்றார்கள்.

அப்போது அவர் தன் துரட்டியை எடுத்து, நாங்கள் இறங்கப் பார்த்த அதே இடத்தில் தண்ணீருக்குள் விட்டார். துரட்டி என்பது நீள மூங்கிலின் நுனியில் வளைந்த கத்தி கட்டியது, உயரக் கிளையை இழுத்து ஆட்டுக்குத் தழை அறுக்க வைத்திருப்பார்கள். அவருடையது இரண்டு ஆள் உயரம் இருக்கும். பாதிக்கு மேல் உள்ளே போயும் அது தரை தட்டவில்லை. மறுகணம் தண்ணீர் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அவர் இரண்டு வெறுங்கைகளையும் விரித்து எங்களுக்குக் காட்டினார். பிறகு உள்ளங்கையைக் கீழே அழுத்தி, உட்காருங்கள் என்றார். தானும் உட்கார்ந்தார்.

தினமும் கையில் இருக்கும் பிழைப்புக் கருவியை, முன்பின் தெரியாத பதினோரு பேர் பார்த்துப் புரிந்துகொள்வதற்காக ஆற்றில் விட்டார் அவர். அந்தக் கழி போன இடத்தில் யார் போயிருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

இதை விவரமாக எழுதக் காரணம் உண்டு. அந்த இடத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததே தவறு, மலைக்குப் போகும் பலரும் அதே தவறைச் செய்கிறார்கள். காலையில் கெண்டைக்கால் அளவுத் தண்ணீரில் கடந்த இடம்தானே என்று நினைத்தோம். இரண்டு பாறைகளுக்கு நடுவே அகலம் குறைவு, நான்கு எட்டில் அக்கரை. ஆனால் குறுகிய இடத்தில்தான் தண்ணீர் ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். கடக்க ஏற்றது சரளைக்கல் பரவிய அகலமான இடம். கலங்கிய நீர் அடியைக் காட்டாது. வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், முழங்கால் ஆழமே ஆளைச் சாய்த்துவிடும். அதைவிடப் பயங்கரம், உருண்டைக் கற்களின் இடுக்கில் பாதம் சிக்கிக்கொள்வது. கால் மாட்டிக்கொண்டு உடம்பு முன்னால் சாய்ந்தால் இடுப்பளவு நீரிலும் தலையைத் தூக்க முடியாது. எங்களிடம் இருபது மீட்டர் கயிறும் இருந்தது. அதை ஒருவர் இடுப்பில் கட்டி அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தது. அப்படிக் கட்டியவர் வழுக்கினால் கயிறு அவரை நிறுத்தி வைக்கும், ஓட்டம் அவரை நீருக்கடியில் அழுத்தும். கயிறு பையை விட்டு வெளியே வராமல் போனது அன்றைய பெரும் பேறு.

எங்கள் தலைக்கு மேல் தூறல்கூட இல்லை. மழை மேலே முகட்டில் பெய்திருக்கிறது. இந்த மலைகள் குவார்ட்சைட் என்னும் கெட்டிப் பாறை. மேல்மண் மெல்லியது, பள்ளத்தாக்கு செங்குத்தானது, பெய்த நீரை உறிஞ்சி வைக்க இடமில்லை. அத்தனையும் நேராக ஓடைக்கு வந்துவிடுகிறது. தெளிந்த நீர் டீ நிறமானது, சருகும் குச்சியும் மிதந்து வந்தன, அடியில் கல்லோடு கல் மோதும் சத்தம் கேட்டது. இம்மூன்றையும் பார்த்தும் கேட்டும் நாங்கள் அருவி விழும் ஆழமான கசத்தை விட்டு உடனே கிளம்பவில்லை. முதல் சருகு வந்ததற்கும் வழி அடைபட்டதற்கும் இடையே அரை மணி நேரம்கூட இருக்காது.

ஆடுகளைப் பேரனோடு ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாத்தா எதிர்க்கரையிலேயே இருந்தார். எங்கள் பக்கத்து மரக்கிளைகளைச் சுட்டிக்காட்டினார். முந்தைய வெள்ளம் விட்டுப்போன சருகும் நாரும் தலைக்கு மேல் உயரத்தில் சிக்கியிருந்தன. அந்த மட்டத்துக்கு மேலே ஏறி உட்காரச் சொல்கிறார் என்று புரிந்து ஏறினோம். பிறகு தன் கரையில் நீர்விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்தார். எங்களையும் வைக்கச் சொன்னார். அது மூழ்கினால் அதற்கு மேல் இன்னொன்று. இருட்டியபின் அவ்வப்போது டார்ச்சை அந்தக் கல்மேல் அடித்துக் காட்டினார். மூன்று கல் மூழ்கின. நான்காவது கல்லில் தண்ணீர் நின்றது. நள்ளிரவு தாண்டி மூன்றாவது கல் தலை காட்டியது. அந்தக் கல்லைப் பார்த்தபோது எங்களில் சிலர் வாய்விட்டு அழுதோம். சின்ன நீர்ப்பிடிப்புள்ள ஓடை ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்யும், காத்திருந்தால் போதும். ஆனால் எங்களோடு சேர்ந்து ஒருவர் காத்திருந்ததால்தான் எங்களால் காத்திருக்க முடிந்தது. ஈரத்துணியை மாற்றி, பாய்களை அடியில் போட்டு, முறிந்த காலை ஷூவோடு சேர்த்துப் பாயால் சுற்றிக் கட்டி, கால்விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று மணிக்கொரு முறை கேட்டோம். நிதானமாக இதையெல்லாம் செய்ய முடிந்ததற்கும் அந்த வெளிச்சம்தான் காரணம்.

விடிந்ததும் முந்நூறு அடி மேலே, ஓடை விரிந்து ஓடும் இடத்துக்கு அவரே நடந்துபோய்க் குச்சியால் ஆழம் காட்டினார். முழங்காலுக்குக் கீழே. ஷூவைக் கழற்றாமல், பலசாலி நீர் வரும் பக்கம் நிற்க, மூன்று மூன்று பேராகத் தோள் பிடித்து, ஓட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் கடந்தோம்.

சோதனைச் சாவடியில் எங்கள் பெயர்ப் பட்டியலை எண்ணிப் பார்த்து, இன்னும் ஒரு குழு இறங்கவில்லை என்று கவனித்த வனத்துறை ஊழியருக்கு நன்றி. இரண்டு மூங்கிலையும் மூலை வெட்டிய இரண்டு அரிசிச் சாக்கையும் தூளியாக்கி, ஆறு பேர் மாறி மாறி, சரிவில் கால் முன்னாகத் தூக்கி வந்த ஊர் இளைஞர்களுக்கு நன்றி. ஊத்துக்கோட்டை வரை பள்ளத்துக்குப் பள்ளம் வேகம் குறைத்து ஓட்டிய வேன்காரருக்கும், இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாத செவிலியருக்கும், வில்லிவாக்கத்தில் எங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் படுக்க வைத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி. வழி, வண்டி எண், இரத்த வகை, எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்திருந்து, குறித்த நிமிடத்தில் 112-ஐ அழைத்த தோழிக்கும் நன்றி. அவர் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவில்லை.

எங்களோடு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்னும் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு எது வந்தாலும் வெள்ளநீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

ஐப்பசி பிறந்து மார்கழி முடியும்வரை எந்த மலை ஓடைக்குள்ளும் இறங்குவதில்லை என்று பதினோரு பேரும் முடிவெடுத்திருக்கிறோம். வானம் தெளிவாக இருந்தாலும் இறங்க மாட்டோம்.

தாத்தா பணம் வாங்க மறுத்துவிட்டார். டார்ச்சுக்குப் பெரிய செல் இரண்டு மட்டும் கேட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் போகிறோம், அருவிக்கு அல்ல, தார்ச்சாலை முடியும் இடம் வரைக்கும். செல்லோடு, நல்ல முற்றிய மூங்கிலும் கொல்லரிடம் அடிக்கச் சொல்லியிருக்கும் வளைகத்தியும் கொண்டுபோகிறோம். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்த மடலை அங்கே வாசித்துக் காட்டுவோம்.